வெயிலில் வைத்த வாளி

என் தங்கை கலா மலேசியாவில் வாளி செய்கிறாள் என்று சொன்னால் அறந்தாங்கியில் எல்லோரும் பிளாஸ்டிக் கம்பெனி என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள். மரவாளி என்று திருத்தினால், 'இந்தக் காலத்திலா?' என்று அடுத்த கேள்வி வரும். நானும் போனில் அதையேதான் கேட்டேன். "வந்து பாருங்கண்ணே" என்றாள். இருபத்து மூன்று வருடமாக அவள் சொல்லிவந்த வார்த்தை அது. மின்வாரியத்தில் ஓய்வு பெற்று, வீட்டிலிருந்த மின்விசிறிகளையெல்லாம் இரண்டு முறை கழற்றி மாட்டி, மனைவியிடம் திட்டு வாங்கிய பிறகு, போன மாசியில் ஒருவழியாகக் கிளம்பினேன்.

கலாவின் கல்யாணம் எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி இருந்த மண்டபத்தில் நடந்தது. நான் போகவில்லை. மாப்பிள்ளை சேகர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஈப்போ நகரத்தில் சீனர் ஒருவரின் பட்டறையில் வாளி செய்துகொண்டிருந்தார். பெண் தேடி ஊருக்கு வந்தவரை அம்மாவுக்கும் பிடித்திருந்தது, கலாவுக்கும் பிடித்திருந்தது. அரசாங்க உத்தியோகம் பார்க்கும் அண்ணனுக்கு மட்டும் அவர் போதவில்லை. நான்கு வருடத்துக்கு முன் சேகர் இறந்தபோது வீடியோ காலில் அவர் முகம் பார்த்தேன். சிக்னல் சரியில்லை என்று ஐந்து நிமிடத்தில் வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஈப்போ பேருந்து நிலையத்தில் இறங்கியதும் அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. போனில் முகத்தை மட்டும் பார்த்துப் பார்த்து அவள் உயரமே மறந்துபோயிருந்தது. என் பையை அவள் வாங்கியபோது கை பட்டது. மின்கம்பத்தில் ஏறிய என் கையைவிட அவள் கை காய்த்துப்போயிருந்தது.

"பசிக்குதாண்ணே? ரொட்டி சானாய் சாப்ட்டுட்டுப் போலாம்" என்றாள்.

ரொட்டி சானாய் நம் பரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. சால்னாவுக்குப் பதில் பருப்பு ஊற்றுகிறார்கள். அது மட்டும்தான் எனக்குக் குறை. பக்கத்து மேசையில் இரண்டு சீனப் பெரியவர்கள் கழுத்து நரம்பு புடைக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். அடிதடி வந்துவிடுமோ என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். "மூட்டு வலிக்கு எந்த டாக்டர் நல்லவருன்னு பேசிக்கிறாங்க" என்றாள் கலா. அவளுக்குக் கேன்டனீஸ் கொஞ்சம் வரும், மலாய் நன்றாக வரும். அந்த ஒரு வாரமும் என் காதாக அவள்தான் இருந்தாள்.

திங்கட்கிழமை பட்டறைக்கு அழைத்துப் போனாள். பழைய நகரத்துச் சந்து ஒன்றில், முன்பக்கம் குறுகி உள்ளே ரயில் பெட்டி போல நீண்டு போகும் கட்டடம். 'தூசி படிந்த இடமாக இருக்கும், ஒரே ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பார்' என்று நினைத்துப் போனேன். உள்ளே ஐந்து பேர் நிமிர நேரமில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் மசாஜ் கடைகளுக்குத் தொட்டிகள், ஜப்பான் உணவகங்களுக்குச் சோறு ஆற்றும் தாம்பாளங்கள் என்று கூரை வரை அடுக்கியிருந்தார்கள். முதலாளியை எல்லோரும் தவ்க்கே என்று கூப்பிட்டார்கள். பனியனும் அரைக்கால் சட்டையுமாக ஒல்லியான மனிதர், எழுபது வயது இருக்கும். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மலாயில் ஏதோ கேட்டார்.

"அண்ணனும் மரவேலையான்னு கேக்குறாரு" என்றாள் கலா.

கரண்டு வேலை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார்.

நம் ஊரில் பலகையை மேசையில் வைத்து அதன்மேல் இழைப்புளியைத் தள்ளுவார்கள். இங்கே தலைகீழ். ஆள் நீளத்துக்கு ஓர் இழைப்புளியை வாய் மேலே பார்க்கச் சாய்த்து நிறுத்தி, அதன்மேல் பலகையைத் தேய்க்கிறார்கள். வாளிக்கு வேண்டிய பலகைகள் ஒவ்வொன்றும் வெளிப்பக்கம் சற்று அகலம், உள்பக்கம் சற்றுக் குறுகல். பக்கங்கள் மயிரிழை கோணினாலும் வட்டம் சேராது. கலா ஒரு பலகையைத் தேய்ப்பாள், இன்னொன்றோடு ஒட்டி வெளிச்சத்தில் பிடிப்பாள், இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடி தேய்ப்பாள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே சின்ன மூங்கில் ஆணி. வெளியே வளையம். ஆணி இடம் பிசகாமல் நிறுத்தும், வளையம் இறுக்கும், தண்ணீரில் மரம் ஊறி உப்பியதும் இடுக்கெல்லாம் தானே அடைந்துவிடும். "பசை போட்டால் ஒரே நாளில் முடியுமே" என்று நான் சொன்னதைக் கலா தவ்க்கேயிடம் மொழிபெயர்க்கவில்லை.

அந்த வாளி ஆ லிங் என்ற பெண்ணுக்கு. சோயாப் பாலைத் தயிர்போல உறையவைத்து, வெல்லப்பாகு ஊற்றித் தரும் தாவ் ஃபூ ஃபா விற்கிறவள். மரவாளியில் வைத்தால் காலை முழுவதும் சூடு குறையாதாம். இரும்பு வாடை வரக்கூடாது என்று பிரம்பு வளையம் கேட்டிருந்தாள். வரும் ஞாயிறு அவளுடைய புதுக்கடைத் திறப்பு. சனிக்கிழமை காலை வாளி தவ்க்கே கைக்கு வர வேண்டும்.

அன்று மாலை சோறு போட்டுக்கொண்டே கலா மீதியைச் சொன்னாள். சேகர் போனபிறகு தவ்க்கே அவளுக்கு உப்புத்தாள் தேய்க்கும் வேலை கொடுத்திருக்கிறார். நான்கு வருடமாகத் தேய்த்துக்கொண்டே, வேலை நேரம் முடிந்ததும் சேகரின் பழைய மேசையில் நின்று பழகியிருக்கிறாள். முதல் பலகையிலிருந்து கடைசி வளையம் வரை அவளே செய்யும் முதல் வாளி இதுதான்.

"இது சரியா வந்துச்சுன்னா சேகர் மேச எனக்குன்னு தவ்க்கே சொல்லிட்டாருண்ணே. வரலன்னா பக்கத்து ஊரு கம்பார்லேருந்து ஒருத்தன் கேட்டுக்கிட்டு இருக்கான், அவனுக்குப் போயிரும். அப்புறம் நான் காலம் பூரா உப்புத்தாள்தான்."

"அதெல்லாம் வரும்" என்றேன், பெரிய மனுஷன் தோரணையில். சாம்பாரில் உப்பு தூக்கல் என்றும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை பிரம்பு வாங்கக் கோலா கங்சார் பக்கம் சேகர் பிறந்த தோட்டத்துக்குக் கிளம்பினோம். கலாவின் கார் சுங்கை சிப்புட் தாண்டியதும் புகைந்தது. ஓரமாக நிறுத்தினாள். "கொஞ்ச நேரம் ஆறட்டும்ணே, தொடாதீங்க" என்றாள். முப்பது வருடம் டிரான்ஸ்ஃபார்மரோடு குடித்தனம் நடத்தியவனுக்கு ஒரு ரேடியேட்டரா பெரிது? துணியைச் சுற்றி மூடியைத் திருகினேன். கொதிநீர் பீய்ச்சியடித்ததில் மணிக்கட்டுக்குமேல் தோல் வழன்றுவிட்டது. மோட்டார் சைக்கிளில் போன மலாய்க்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, தன் புட்டித் தண்ணீரை முதலில் என் கையிலும் பிறகு காரிலும் ஊற்றினார். போகும்போது எதையோ சொல்லிச் சிரித்தார். "உங்க அப்பா ரொம்ப அவசரக்காரரான்னு கேக்குறாரு" என்றாள் கலா. அப்பாவா என்று எனக்குக் கோபம் வந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அவளுக்குப் பதினாறு பதினேழு வயதில். கை எரிச்சலிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

தோட்டம் என்கிறார்களே தவிர ரப்பர் மரம் பெயருக்குக்கூட இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஐந்தாறு மிச்சம். அதில் ஒன்றில் சேகரின் கூட்டாளி அந்தோணி இருந்தார். தொழிற்சாலையில் காவல் வேலை, ஓய்வு நாட்களில் பிரம்பு வேலை. மலையில் இருக்கும் ஓராங் அஸ்லி பழங்குடி மக்களிடம் பிரம்பு வாங்கிக் கீறிச் சீவி வைத்திருக்கிறார். இங்கே அதற்கு ரோத்தான் என்று பெயர்.

"நீங்கதான் அறந்தாங்கி அண்ணனா? வாங்க, உக்காருங்க லா" என்று மலேசியாக்காரர்களின் அந்த லா இழுவையோடு சொன்னவர், பிரம்புக் கட்டை அவிழ்த்து ஒவ்வொரு கீற்றாக வளைத்துப் பார்த்துக் கொடுத்தார். பேச்சுவாக்கில், "சேகர் உங்களப் பத்திப் பேசிக்கிட்டே இருப்பான். மச்சான் வருவாரு, வந்தா ஆத்துல கூட்டிட்டுப் போயி மீன் புடிக்கணும்பான். ஒவ்வொரு வருஷமும் சொல்லுவான்" என்றார்.

நான் பிரம்பைத் தடவிக்கொண்டிருந்தேன். கலா உள்ளே போய் அந்தோணியின் மனைவியோடு பேச ஆரம்பித்துவிட்டாள். இருபத்து மூன்று வருடத்தில் நான் திருப்பதிக்கு எட்டு முறையும், கோவாவுக்கு இரண்டு முறையும் போயிருக்கிறேன். ஒரு முறை இங்கே வந்திருந்தால் அந்த மனிதரோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. அவர் சொல்லிக் கொடுத்திருப்பார்.

புதன்கிழமை வாளி உருவானதை உட்கார்ந்து பார்த்தேன். கலா பிரம்புக் கீற்றுகளை நனைத்து, முறுக்கிப் பின்னி மூன்று வளையங்கள் செய்தாள். வாளிக்கு வாய் அகலம், அடி குறுகல். அதனால் கவிழ்த்து வைத்து அடிப்பக்கமாக வளையத்தை நுழைத்து, கட்டையை வைத்துக் கொட்டாப்புளியால் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்கினாள். தட்டத் தட்ட சத்தம் மாறியது. பொத்தென்று இருந்தது கணீரென்று ஆனது. உள்ளே சுற்றிலும் காடி என்கிற பள்ளம் வெட்டி அடிப்பலகையை அமுக்கினாள். தவ்க்கே வந்து விரலால் உட்புறம் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போனார். "நல்லா இல்லன்னா இந்நேரம் கத்தியிருப்பாரு" என்று கலா காதோரம் சொன்னாள்.

பட்டறையில் விட்டுவர மனசில்லாமல் வாளியை வீட்டுக்கே கொண்டுவந்து, தண்ணீர் நிரப்பிக் குளியலறையில் வைத்தாள். முதலில் நான்கைந்து இடத்தில் கசிந்தது. வியாழன் காலைக்குள் சொட்டு நின்றுவிட்டது. அவள் மூன்று முறை தரையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னையும் தடவிப் பார்க்கச் சொன்னாள். தரை காய்ந்திருந்தது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வெள்ளிக்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது, "அண்ணே, வாளியத் தொடாதீங்க. தண்ணியோட அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அதை நான் மறைக்க விரும்பவில்லை. தெளிவாகச் சொன்னாள்.

பத்து மணிவாக்கில் குளிக்கப் போனேன். வாளித் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. புளித்த வாடை. கைவிட்டுப் பார்த்தால் பலகை வழவழவென்று இருந்தது. நாளைக்கு இதையா கொண்டுபோய் நீட்டுவது? நம் வீட்டில் புதுப் பானை, புது முறம், புது மணை எது வந்தாலும் கழுவித் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, நல்ல வெயில் காட்டி எடுத்தால்தான் புழக்கத்துக்கு வரும். அவளுக்கு வேலை நெருக்கடியில் மறந்துபோயிருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். தண்ணீரைக் கொட்டினேன். தேங்காய் நார் போட்டு உள்ளும் புறமும் தேய்த்தேன். சாமி தட்டிலிருந்து குங்குமம் எடுத்து மூன்று பொட்டு வைத்தேன். நடைபாதையின் கோடியில், அடுக்குமாடியின் நல்ல வெயில் விழும் சுவரோரமாகக் கவிழ்த்து வைத்தேன். பக்கத்து வீட்டு அம்மாள், "என்ன அண்ணே, காய வைக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆமாம் என்று பெருமையாகவே சொன்னேன்.

கலா நாலரை மணிக்கு வந்தாள். அப்போதும் வாளி பார்க்க அழகாகத்தான் இருந்தது. பளிச்சென்று, சந்தன நிறத்தில். "எப்படி?" என்றேன். அவள் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் வாளியைத் தூக்கி நிமிர்த்தினாள். மூன்று வளையங்களும் கைவளையல் கழல்வதுபோல வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தன. அடிப்பலகை காடியை விட்டு நழுவியது. பலகைகள் மூங்கில் ஆணியில் தொங்கிக்கொண்டு வாய் பிளந்தன. இரண்டு பலகைகளில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு.

"என்னண்ணே பண்ணீங்க" என்றாள். கத்தவில்லை.

ஊறி உப்பிய மரம் வளையத்துக்குள் அமுங்கிக் கிடக்குமாம். அதைச் சட்டென்று காயவைத்தால் முன்பிருந்ததைவிடச் சின்னதாகச் சுருங்கிவிடுமாம். வாளியை எப்போதும் ஈரத்தோடு நிழலில்தான் வைக்க வேண்டுமாம். இதெல்லாம் பிறகு சொன்னாள். அப்போது தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பலகையாகத் துடைத்து அரிசிக் கோணியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அவள் கல்யாணத்துக்கு முதல் நாள் அம்மா என்னிடம் வந்து அழுதபோதும் இதையேதான் சொன்னேன், நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று.

"தெரியும்ணே" என்றாள் கலா.

சனிக்கிழமை காலை அவள் கோணியைத் தூக்க, நான் வளையங்களைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். வெடித்த பலகைகளுக்குப் புதிது செய்து, கோத்து, மறுபடி ஊறவைக்கக் குறைந்தது நான்கு நாள் வேண்டும். மறுநாள் கடைத் திறப்பு. தவ்க்கே எல்லாவற்றையும் மேசையில் பரப்பச் சொன்னார். ஒரு பலகையை எடுத்து வெடிப்பில் நகத்தை ஓட்டினார். குங்குமப் பொட்டு இருந்த பலகையை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"யாரு இத வெயில்ல வச்சது?"

சுத்தமான தோட்டத்துத் தமிழ். ஒரு வாரமாக மலாயில் பேசிக்கொண்டிருந்த சீனருக்கு இவ்வளவு தமிழா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே யாரோ இழைப்புளியில் பலகை தேய்க்கும் சத்தம் கேட்டது. கலா பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கத் தொடங்கினாள். தவ்க்கே கண்ணாடியைப் பனியனில் துடைத்தார். கடைசிப் பலகையையும் அவள் அடுக்கி முடித்தாள்.

"நான்தான் தவ்க்கே. வாடை போவட்டும்னு வச்சேன்" என்றாள் கலா.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மலாயில் இரண்டு வார்த்தை சொன்னார். கலா கோணியைச் சுருட்டிவிட்டு உப்புத்தாள் தேய்க்கும் மூலைக்குப் போனாள். அவளே சொல்லிவிட்டாள், இனி நடுவில் நான் பேசினால் அவளைப் பொய்யாக்கியதுபோல ஆகும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். எதிர்க்கடையில் காப்பி குடித்தேன். ஈப்போவின் வெள்ளைக் காப்பியைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு எந்த ருசியும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆ லிங்கின் கடைத் திறப்புக்குப் போனோம். போகவேண்டாம் என்றேன். "சொல்லிட்டு வரணும்ணே, பாவம்" என்றாள். வாசலில் சிங்க நடனம், மேளம். உள்ளே எவர்சில்வர் அண்டாவிலிருந்து அகப்பையால் மெல்லிசாக வழித்து வழித்துக் கிண்ணங்களில் போட்டுக்கொண்டிருந்தாள் ஆ லிங். கலா பக்கத்தில் போய் ஏதோ சொன்னாள். ஆ லிங் அவள் தோளைத் தட்டிவிட்டு எங்களுக்கு இரண்டு கிண்ணம் நீட்டினாள், காசு வாங்கவில்லை. வாயில் வைத்தவுடன் கரைந்தது. நான் இன்னொரு கிண்ணமும் வாங்கிச் சாப்பிட்டேன். அதை நினைத்தாலும் இப்போது வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை மதியம் விமான நிலையத்துக்குப் பஸ். கலா அரைநாள் விடுப்புப் போட்டு வந்திருந்தாள். கச்சாம் பூத்தே என்று இங்கே சொல்லும் காரக்கடலை, காராபூந்தி வகையறாவெல்லாம் பை நிறைய வாங்கி வைத்திருந்தாள். "உன் தவ்க்கே தமிழ் நல்லாப் பேசுறாரே" என்றேன்.

"அவங்க அப்பா தோட்டத்துல மளிகைக் கடை வச்சிருந்தாரு. நம்ம ஆளுங்களோட வளந்தவரு" என்றாள். பையின் வாயை முடிச்சுப் போட்டாள். "ஆனா எங்கிட்ட ஒருநாளும் தமிழ்ல பேசுனதில்லண்ணே. சேகர்கிட்டயும் மலாய்தான். பட்டறையில பழக்கம் அப்படி."

"அப்ப சனிக்கிழமை மட்டும்..."

"உங்களத்தாண்ணே கேட்டாரு. வாளிய நான் வெயில்ல வைக்க மாட்டேன்னு அவருக்குத் தெரியாதா?"

பஸ் வந்து நின்றது. ஆட்கள் ஏற ஆரம்பித்தார்கள்.

"நீங்க சொல்லுவீங்கன்னு நானும் கொஞ்ச நேரம் பாத்தேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. வெந்த கையைப் பிடித்துப் பார்த்து, "மருந்து போடுங்க, தண்ணி படாமப் பாத்துக்கங்க" என்றாள். நான் சரி சரி என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். பட்டறை அங்கிருந்து வெகுதூரமில்லை. விமானத்துக்கும் நேரம் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே அவள் கையாட்டினாள், நானும் ஆட்டினேன்.

ஊருக்கு வந்த இரண்டாவது வாரம் கம்பார்க்காரன் சேகர் மேசையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று கலா போனில் சொன்னாள். நல்ல பையனாம், இவளை அக்கா என்று கூப்பிடுகிறானாம். வேறு விஷயம்போலப் பேச்சை மாற்றித் தவ்க்கேயின் நம்பரைக் கேட்டேன். ஏன் என்று கேட்காமல் உடனே அனுப்பினாள். காகிதத்தில் எழுதி காலண்டரில் குத்தி வைத்திருக்கிறேன். சொல்லவேண்டியது ஒரே வாக்கியம். அவருக்கும் தமிழ் தெரியும். இன்னும் நான் கூப்பிடவில்லை.